ஐஸ் பெட்டியில் இறுகிய பழம்

மரத்திலிருந்து பக்குவமாகப் பறித்த பழத்தை, கீழே விழுந்த பின் பொறுக்கிய பழம் என்று நான் ஒருமுறை சாட்சி சொன்னேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் தோட்டக் குத்தகை போயிற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். குற்றாலத்தில் பழமரம் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நயாபைசா வந்த புதிது. திருநெல்வேலியில் பி.ஏ. முடித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு வயல் இருந்தது, கோயிலில் ஒருநாள் மண்டகப்படி இருந்தது. நிலத்தில் இறங்கி வேலை செய்கிற வழக்கம் மட்டும் இல்லை. எனக்கு உத்தியோகமும் கிடைக்கவில்லை. மனுப் போடுவதும், தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பதுமாகப் பொழுது போனது.

தென்காசி ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடை பார்த்துச் சீட்டுத் தரும் எந்திரம் ஒன்று நின்றது. கொல்லம் வண்டிக்குக் காத்திருந்த ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள் இல்லை, பேரம் இல்லை, ஆனாலும் வியாபாரம் நடக்கிறது. இதே போலப் பழம் விற்கலாமே என்று தோன்றியது. அமெரிக்காவில் பழத்தைக் குளிரவைத்து எந்திரத்தில் விற்கிறார்கள் என்று கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படமும் பார்த்திருந்தேன். குற்றாலத்து மங்குஸ்தான் தென்காசி பஸ் நிலையத்துக்கு வரும்போது கூடையில் ஈ மொய்த்துத்தான் வரும். குளிர்ச்சியாக, கைபடாமல், கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் கொடுத்தால் எப்படி விற்கும் என்று கணக்குப் போட்டேன்.

பணம் கொடுத்தது என் பெரியப்பா. ஐந்தருவி போகிற வழியில் மலைச்சரிவில் அவருக்கு ஒரு மங்குஸ்தான் தோட்டம் இருந்தது. ஊரில் நல்ல பூட்டு வேலைக்காரர் ஒருவரிடம் பெட்டியைச் செய்யக் கொடுத்தேன். தேக்குப் பலகையும் தகரமும் வைத்து இரட்டைச் சுவர், நடுவில் மரத்தூள். மேல்தட்டில் ஐஸ் கட்டி. முன்பக்கம் கண்ணாடி வைத்த எட்டுச் சின்னக் கதவுகள். கால் ரூபாய்க் காசு விழுந்தால் ஒரு நெம்புகோல் இறங்கி அந்தக் கதவின் தாழ் விலகும். உள்ளே வாழையிலையில் பழம் இருக்கும். மிச்சப் பழம் ஐஸுக்கு அடியில் இருக்கும், காலியாகிற கதவுகளை அவ்வப்போது நான் பின்னாலிருந்து நிரப்புவேன்.

பூட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தம்பி, கதவைத் தெறந்தவன் மூடாமப் போனா?"

"ஸ்பிரிங் வைங்க அண்ணாச்சி. தானா மூடிக்கிடும்."

"கதவுக்கு ஸ்பிரிங் வச்சிரலாம். மனுசனுக்கு எதை வைக்க?"

பெட்டியின் நெற்றியில் பச்சைப் பெயிண்டில் எழுதவைத்தேன்: 'குற்றாலம் மலைத்தோட்டத்துப் பழம். இன்று பறித்தது.' எழுதியவர் தோட்டத்துக்காரி கூடை சுமந்து நிற்பதுபோல ஒரு படமும் தன் விருப்பத்துக்குப் போட்டுவிட்டார். அது யார் என்று யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தத் தோட்டத்தை ஏழெட்டு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் ஒருத்திதான்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் கொழும்புக்குப் போனவன், கடிதம் நின்று பல வருஷம். ஒரு மகள், தென்காசியில் எட்டாம் வகுப்புப் படித்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தொரட்டிக் கம்பின் நுனியில் சின்ன வலைப்பை கட்டி, ஒவ்வொரு பழமாகப் பைக்குள் விழவைத்து இறக்குவாள். மண்ணில் விழுந்த பழத்தைக் கூடையில் சேர்க்கமாட்டாள். மங்குஸ்தான் விழுந்தால் அடிபட்ட இடத்தில் ஓடு கல்லாகிவிடும், உள்ளே வெள்ளைச் சுளை பழுப்பாகும். நல்ல பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினாலே திறந்துவிடும். அதனால், ஓடு இறுகியிருந்தால் அது விழுந்த பழம் என்பது குற்றாலத்தில் எல்லாருக்கும் ஒரே முடிவு. வேறு காரணம் இருக்கலாம் என்று யாரும் நினைத்ததில்லை.

பெட்டியைக் காட்டியபோது அதைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இதுக்குள்ள எத்தனை நாளு வைப்பீக?"

"ஐஸ் இருக்குல்லாக்கா. ஒரு வாரம்கூட வைக்கலாம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ரெண்டு நாளு. மூணாம் நாளு மிஞ்சினதை மாட்டுக்குப் போட்டிருங்க. பழம் கெட்டா இந்தப் பெட்டியையா ஏசுவான்? கூடையோட நிக்கவளத்தான் ஏசுவான்." படத்தைக் காட்டிச் சிரித்தாள். நான் சரி என்றேன்.

முதலில் பெட்டியைக் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் வைத்தேன். படித்தவன் செய்கிற தவறு அது. சாரல் தூறிக்கொண்டிருக்கிறது, அருவியில் நின்றுவிட்டு ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு வருகிறார்கள், அவர்களுக்கு முன்னால் ஐஸில் வைத்த பழம்.

"ஏலே, எனக்குப் பல்லு தந்தியடிக்கி. இவன் குளுந்த பழம் விக்கான் பாரு."

"பக்கத்துல சுக்குக்காப்பி எந்திரம் ஒண்ணு வைக்கச் சொல்லுலே. இதுல தின்னுட்டு அதுல குடிக்கலாம்."

பத்து நாளில் பெட்டியை வண்டியில் ஏற்றித் தென்காசி பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கே வெயில் இருந்தது. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மங்குஸ்தானை முன்பின் பார்த்திராதவர்கள். கூட்டம் கூடி நின்று, யாராவது காசு போட்டுக் கதவு திறக்கும்போது கைதட்டினார்கள். இரண்டு வாரம் மத்தியானத்துக்குள் பெட்டி காலியானது. திருநெல்வேலி பஸ்ஸில் சாக்கும் மரத்தூளும் சுற்றி வரும் ஐஸைக் காலையில் இறக்குவேன். அவள் முதல் பஸ்ஸில் கூடையோடு வருவாள். வீட்டில் என்னைப் பார்க்கிற பார்வை மாறியிருந்தது. தபால்காரருக்காக வாசலில் நிற்பதையும் விட்டிருந்தேன்.

மூன்றாவது வாரத்தில் வேடிக்கை தீர்ந்துவிட்டது. எடுத்துப் பார்க்கவும் அமுக்கிப் பார்க்கவும் வழியில்லாத பழத்தை எத்தனை நாள் வாங்குவார்கள்? பாதிப் பெட்டி மிஞ்சியது. காலிக் கதவுகள் தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று மிஞ்சியதை உள்ளேயே விட்டேன்.

காலையில் அவள் கேட்பாள். "நேத்து மிச்சம் எத்தனை தம்பி?"

"மிச்சம் இல்லக்கா."

"ஒண்ணுகூடவா இல்ல? நல்லதுதான். நாளைக்கு அரைக்கூடை கூட்டிக் கொண்டாரவா?"

வேண்டாம் என்றால் முதலில் சொன்னது பொய் என்று ஆகும். கொண்டுவரச் சொன்னேன். பழம் கூடியது, விற்பனை குறைந்தது. ஐந்து நாள், ஆறு நாள் ஆன பழங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் இல்லை. காம்பு பச்சையாக, ஓடு கருஞ்சிவப்பாகப் பளபளத்தது. நெற்றியில் 'இன்று பறித்தது' என்றே இருந்தது.

ஒரு நாள் காலை பெட்டியின் கதவுகளில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தது: 'இது பழம் அன்று, கல். தோட்டத்துக்காரிக்கு மனச்சாட்சி உண்டா?' பள்ளி ஆசிரியர் ஒருவரின் கையெழுத்து, கேள்விக்குறிகூட அழகாக இருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த மனைவி கேட்டாள் என்று வாங்கிக்கொண்டு போனாராம். அம்மிக்குழவியால் உடைக்கவேண்டியிருந்ததாம். உள்ளே பழுப்பு. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார்: "ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு தம்பி. ஏசணும்னா ஆள் வேணும்லா? பெட்டிய எப்படி ஏச? படத்துல இருக்கவள ஏசிட்டுப் போயிட்டாரு."

அவள் வருமுன் ஈரத்துணியால் அழித்தேன்.

அவளும் ஏமாற்றத் தொடங்கிவிட்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது. அன்று வந்த கூடையிலிருந்து மூன்று பழங்களை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். பஞ்சுபோல இருந்தன. அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டி ஐஸுக்கு அடியில் வைத்தேன். நான்காம் நாள் எடுத்தபோது ஓட்டில் விரல் இறங்கவில்லை. கத்தியால் அறுத்தேன். விழுந்த பழம்போலவே இருந்தது. குளிர்தான் ஓட்டை இறுக்குகிறது. அவள் சொன்ன இரண்டு நாள் கணக்கைக் கேட்டிருந்தால் இது நடந்திராது. அன்றைக்கு இந்த உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பெரியப்பா தோட்டத்துக் குத்தகைக்குப் பத்திரம் கிடையாது. புரட்டாசியில் காய் ஓய்ந்த பிறகு, அந்த வருஷம் பழத்தை வாங்கி விற்றவர்களை வீட்டுக்கு வரவழைப்பார். குத்தகைக்காரர் வெளியே நிற்கவேண்டும். விற்றவர்கள் ஒவ்வொருவராகப் பழம் எப்படி என்று சொல்லவேண்டும். பிறகு குத்தகைக்காரரை உள்ளே அழைத்துத் தட்டை நீட்டுவார். வெற்றிலை பாக்கு இருந்தால் அடுத்த வருஷமும் தோட்டம் அவருக்கு. தட்டு வெறுமையாக இருந்தால் இல்லை. உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது.

அந்த வருஷம் மூன்று பேர் போனோம். அருவிக்கரையில் கூடை வைத்து விற்கும் அண்ணாச்சி முதலில் பேசினார். "பழத்துக்கு ஒரு கொறையும் இல்ல ஐயா. ஆனா தென்காசியில பெட்டியில வாங்குனவன்லாம் குத்தாலத்துக்கு வந்து அவளையும் ஏசுதான், என்னையும் ஏசுதான்." புளியறைப் பக்கம் கொண்டுபோய் விற்பவரும் தன் பழத்தில் குறையில்லை என்றார்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "பெட்டியில என்னலே?"

"விழுந்த பழம் கலந்து வருது பெரியப்பா."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் கூடத்தான் வருது."

அருவிக்கரை அண்ணாச்சி தலையை ஆட்டினார். "அவளா? இருக்காது தம்பி. விழுந்த பழத்தைக் காலால தள்ளிட்டுப் போறவ அவ."

நான் சட்டைப் பையிலிருந்து இரண்டு பழங்களை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் இப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்து வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். கடைசிக் கூடையில் வந்து பெட்டியில் ஆறு நாள் இருந்த பழங்கள். அவர் அமுக்கிப் பார்த்தார். இன்னொருமுறை அமுக்கினார். அதன்பின் பேசவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியப்பா நாலு பேர் முன்னால் என்னை ஏசியிருப்பார். போட்ட பணம் போயிற்று என்று வீட்டில் பேச்சு வந்திருக்கும். மறுபடியும் வாசலில் நின்றிருப்பேன். இதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை வருஷம் யோசித்தும் இதைவிடப் பெரிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவளை உள்ளே அழைத்தார்கள். தட்டு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு, "சரிங்கய்யா" என்றாள். "கீழ்ப்பாத்தியில நாலு மரத்துக்கு இன்னும் மண்ணு அணைக்கல. மழைக்கு வேரு தெரிஞ்சிரும். வாறவங்ககிட்ட சொல்லிருங்க." அவ்வளவுதான். வெளியே போனாள்; நாங்கள் கிளம்பும்போதும் வாசலில்தான் நின்றாள்.

தோட்டம் வேறொருவருக்குப் போனது. பெட்டியை அடுத்த சீசனுக்கு முன்பே ஒரு சோடாக் கடைக்காரருக்கு விற்றேன். புதிய குத்தகைக்காரர் பொறுமை இல்லாதவர், கிளையை உலுக்கிப் பழம் இறக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டும் பேசாமல் இருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், தென்காசியில் பீடிக் கடை ஒன்றின் முன்னால் பெண்கள் பீடி அடுக்கிய சுளகோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சுற்றிவந்த பீடியைக் கடைக்காரர் எடுத்துப் பார்த்து, சரியில்லாததைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். வரிசையில் அவள் மகளும் நின்றாள். வளர்ந்திருந்தாள்.

"பள்ளிக்கூடம் போகலையா?" என்றேன்.

"எட்டோட நின்னாச்சு."

"நல்லாத்தானே படிச்சே?"

"தோட்டம் போச்சுல்லா," என்றாள். எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா முறத்தில் பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், ஆறு நாள், நூல் கட்டிவைத்த பழம், சட்டைப் பை. கத்திரிக்கோல் நிற்கவில்லை. நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் தம்பி. மத்த ரெண்டு பேரும் வெளிய வரும்போது என்னைப் பாத்தாங்க. நீங்க செருப்பைத் தேடிக்கிட்டே போனீங்க. என்ன சொன்னீங்கன்னுதான் தெரியாது. பழம் கம்மின்னு சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். விழுந்ததைப் பொறுக்கினேன்னா சொன்னீங்க?"

"ஆமாக்கா."

கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு, "இதை என்கிட்ட சொல்லி நான் என்ன செய்ய? எங்கன சொன்னீங்களோ அங்கன போய்ச் சொல்லுங்க," என்றாள்.

அந்தப் புரட்டாசியில் கூப்பிடாமலே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். விற்றவர்கள் இருந்தார்கள், அருவிக்கரை அண்ணாச்சியும் இருந்தார். சொன்னேன். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன்லே இப்பச் சொல்லுத?" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சிதான் தாங்காமல் பேசினார். "என் கையில கொடுத்தீரே தம்பி. நானும் அமுக்கிப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேனே."

ஆள் அனுப்பி அவளை அழைத்துவந்தார்கள். இந்த முறை தட்டில் வெற்றிலை பாக்கு இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

குத்தகை திரும்பியது. மரங்கள் உடனே திரும்பவில்லை. உலுக்கி ஒடித்த கிளைகளால் இரண்டு சீசன் காய்ப்புக் குறைவாகவே இருந்தது. அந்த இரண்டு வருஷமும் தாயும் மகளும் பீடி சுற்றிக்கொண்டேதான் தோட்டம் பார்த்தார்கள். பள்ளிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். "பாவாடை கட்டின பிள்ளைகளோட தாவணி போட்டுப் போய் உக்காரவா?" என்றாள். நான் கொண்டுபோன புத்தகங்களைத் திரும்ப எடுத்துவந்தேன்.

எனக்கு நடந்தது வேறு. நாலு பேர் முன்னால் தன் தப்பைத் தானே ஒத்துக்கொண்ட பையன் என்று ஊரில் பேசினார்கள். காய்கனி விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அப்போது தொடங்கியது. அதற்கு நேர்மையான எழுத்தர் வேண்டும் என்று என்னைத் தேடிவந்தார்கள். பல வருஷம் மனுப் போட்டும் கிடைக்காத உத்தியோகம் அந்தப் பொய்யைச் சொல்லி, பிறகு அதை ஒத்துக்கொண்டதால் கிடைத்தது. நான் மறுக்கவில்லை.

சங்கத் தலைவர் நல்ல மனிதர். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்வார். ஒரு நாள் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பழக்கூடையோடு தராசுப் பக்கம் நின்றாள். "இந்த அம்மாதான் அந்தத் தோட்டக்காரி," என்றார் தலைவர். வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் "ஆமாங்கய்யா" என்றாள்.

எடை போட்டு முடித்து அவளை வாசல்வரை அனுப்பப் போனேன்.

"இந்தக் கதைய எல்லாருக்கும் சொல்லுவாரா தம்பி?"

"வாறவங்க எல்லாருக்கும் சொல்லுவாருக்கா."

"அதுல எம்மக வாறாளா?"

"வரல."

அவள் வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த முறை தலைவர் ஆரம்பித்தபோது நான் இடையில் பேசினேன். எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் இருக்கிறாள், நான் சட்டைப் பையில் எடுத்துப்போன பழங்களால்தான் நின்றாள், அவளுக்கு என்னால் ஒன்றும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்று சொன்னேன். வந்தவர்கள் காப்பியைக் குடித்து முடித்தார்கள். தலைவர் அதன்பிறகு யாரிடமும் அந்தக் கதையைச் சொல்லவில்லை.